இரண்டு கார்டுக் கிணறு

பரிபூரணம் தப்பாகத் தட்டச்சு செய்தாள் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ராஜபாளையம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பரீட்சை எழுதியபோது, தாளைத் திருத்தியவர் சிவப்புப் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனால் பொய் கிடையாது. அப்பேர்ப்பட்டவளை 1993-ஆம் வருஷம் ஒரு கறுப்புத் திரை தப்பு என்று சொல்லிவிட்டது. திரை சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தவசிமுத்து சார் அதை நம்பியதுதான் பொறுக்கவில்லை.

தவசிமுத்து, கிணற்று நீர்மட்ட வரைபடத் திட்டத்தின் இன்ஜினியர். திட்டத்துக்கு ஆபீஸ் என்று இருந்தது ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடி. ஆட்கள் மொத்தம் மூன்று பேர். இன்ஜினியர் ஒருவர், கம்ப்யூட்டருக்குத் தற்காலிக ஆபரேட்டராகப் பரிபூரணம், சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்க மாரிச்சாமி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு தாலுகாவிலும் ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் ஒரு பர்லாங்காவது, அதாவது இருநூறு மீட்டராவது இடைவெளி விட்டு, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிணறுகளை மாரிச்சாமி பார்த்து வந்திருந்தார். கிணற்றுக்கு ஒரு கார்டு. தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று உடைமைக்காரர் சொல்ல, மாரிச்சாமி எழுத, சொன்னவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். பிறகு தவசிமுத்து பெரிய மேப்பை விரித்து, அந்தக் கிணறு பூமியில் எந்த இடம் என்று இரண்டு எண்களைக் கார்டின் மூலையில் பென்சிலால் குறிப்பார். கிழக்கு மேற்குக்கு ஓர் எண், வடக்கு தெற்குக்கு ஓர் எண், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.

இந்த மூன்று எண்ணையும் ஒரு கார்டுக்கு ஒரு வரியாகப் பரிபூரணம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மதுரையிலிருந்து இரண்டு பிளாப்பியில் வந்த புரோகிராம் ஒன்று அதை வாங்கிக்கொள்ளும். வாங்கி, இரண்டு தாலுகா மேலும் மீன்வலை விரித்த மாதிரி கட்டம் கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கும் என்று, கிணறே இல்லாத இடத்துக்கும் சேர்த்துச் சொல்லும். அதை வைத்துத்தான் வரைபடம்.

சொல்லும் என்று கேள்வி. அது சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணையை அடித்து என்டரைத் தட்டினால், நாற்பது நிமிஷம் உள்ளுக்குள் முனகும். பிறகு 'பூஜ்யத்தால் வகுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அத்தோடு மூச்சு நின்றுவிடும். கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையாது. சுவிட்சை அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. புரோகிராமைத் தந்த ஆள் அதைத் தந்த கையோடு வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுப்போன விளக்கப் புத்தகம் ஜெராக்ஸ். அதில் முப்பத்தொன்றாம் பக்கம் விட்டுப்போயிருந்தது. முப்பத்திரண்டாம் பக்கம் 'ஆகவே இதை ஒருக்காலும் செய்யக்கூடாது' என்று தொடங்கியது.

"எதைச் செய்யக்கூடாதுன்னு தெரியலையே சார்" என்றாள் பரிபூரணம்.

தவசிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று ஒரு விஷயத்தைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பூச்சியத்தால வகுக்குதுன்னு அதுவே வாய்விட்டுச் சொல்லுதும்மா. அப்பம் நீ அடிச்சதுல பூச்சியம் இருக்குன்னு அர்த்தம். எல்லாத்தையும் எடுத்துரு."

"நாப்பது அடின்னு கார்டுல இருந்தா சார்?"

"நாப்பத்தொண்ணுன்னு போடு. ஒரு அடியில என்ன குடியா முழுகிரும்?"

பரிபூரணம் பழைய வரிகளை ஒரு பிளாப்பியில் பத்திரப்படுத்திவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பூஜ்யம் பொறுக்கினாள். நாற்பது, ஐம்பது, அறுபதெல்லாம் ஓர் அடி இறங்கின. நூற்றிரண்டு அடிக் கிணறு ஒன்று நூற்றுப் பன்னிரண்டு ஆனது. கான்சாபுரத்துக் கிணறுகள் பாதி, நடுவில் பூஜ்யம் இருந்த பாவத்துக்காக கிழக்கே அரை மைலுக்கு மேல் நகர்ந்து போயின. கடைசியில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரியிலும் மருந்துக்குக்கூட ஒரு பூஜ்யம் இல்லை. என்டரைத் தட்டினார்கள். நாற்பது நிமிஷம் கழித்துப் புரோகிராம் பூஜ்யத்தால் வகுத்துக்கொண்டு விழுந்தது.

வேறு ஆளாக இருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார். தவசிமுத்து ஒரு கடிதம் எழுதினார். ஆபரேட்டரின் தட்டச்சுப் பிழைகளால் வரைபடம் தயாராகவில்லை, வேறு ஆபரேட்டர் வேண்டும் என்று மேலிடத்துக்கு. எழுதி, அதை அவளிடமே படிக்கக் கொடுத்தார். அவ்வளவு நியாயஸ்தர்.

"திங்கக்கிழமை சென்னையிலருந்து பெரிய இன்ஜினியர் வாராரு. மேப்பு வந்துச்சுன்னா உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே சர்ட்டிபிகேட் எழுதித் தாரேன். வரலைன்னா இந்த லெட்டர்தான் போகும். நான் என்ன செய்ய, சொல்லு?"

பரிபூரணத்துக்கு முதலில் கண் கலங்கியது. படிக்கட்டு இறங்கித் தெருவுக்கு வந்ததும் அந்தக் கண்ணீர் முழுக்கக் கோபமாகிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கிற நிலைமை வீட்டில் இல்லை. ஆனால் வேலையைவிட அந்த 'தட்டச்சுப் பிழைகள்' என்ற சொல்தான் செருப்புக்குள் புகுந்த முள்ளாக வழி முழுக்கக் குத்தியது. என் விரல் தப்புச் செய்யாது என்று செட்டியார்பட்டி வரைக்கும் பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் புதன்கிழமை. வரிகளை நான்காம் முறை சரிபார்க்கச் சொன்னார் தவசிமுத்து. அவள் சரிபார்க்கவில்லை. செட்டியார்பட்டியில் அவர்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு எரியாவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பல்பாகத் தடவிக்கொண்டிருக்க மாட்டாள். சரத்தைப் பாதியாக அறுத்து, எந்தப் பாதி எரியவில்லை என்று பார்த்து, அதை மறுபடியும் பாதியாக்குவாள். அதையே இங்கேயும் செய்தாள். பழைய வரிகளை, பூஜ்யங்களோடு, எழுநூற்று ஆறு எழுநூற்று ஆறாகப் பிரித்தாள். முதல் பாதி முழுக்க ஓடி முடிந்து, திரை அடுத்த ஆணைக்காகப் பவ்யமாகக் காத்து நின்றது. அந்த ஆபீஸில் புரோகிராம் விழாமல் நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டாம் பாதி விழுந்தது. அதைப் பாதியாக்கினாள், அதிலும் விழுகிற பாதியைப் பாதியாக்கினாள். வரி குறையக் குறைய விழுகிற நேரமும் குறைந்தது. சாயங்காலம் மில் சங்கு ஊதும்போது கையில் பதினோரு வரி இருந்தது. எல்லாம் மம்சாபுரம்.

அந்தப் பதினொன்றில் ஏழாவதை எடுத்தால் ஓடியது. ஏழாவதை வைத்துவிட்டு எட்டாவதை எடுத்தால் அப்போதும் ஓடியது. இரண்டும் சேர்ந்து இருந்தால் விழுந்தது.

"தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு. சேந்தாத்தான் விழுந்துருது."

தவசிமுத்து எட்டிப் பார்த்தார். இரண்டு வரியிலும் இடத்துக்கான எண்கள் இரண்டும் இலக்கம் பிசகாமல் ஒன்று. தண்ணீர் மட்டும் ஒன்றில் அறுபத்தேழு அடி, மற்றதில் நாற்பத்திரண்டு. கிணற்றுக்குக் கிணறு எவ்வளவு தூரம், அந்தத் தூரத்துக்கு எத்தனை அடி இறக்கம் என்று வகுத்து வகுத்துத்தான் புரோகிராம் தன் வலையைப் பின்னியது. இந்த இரண்டு கிணற்றுக்கும் நடுவில் தூரம் பூஜ்யம். பூஜ்யம் எந்த வரியிலும் இல்லை, இரண்டு வரிக்கு நடுவில் இருந்தது.

கார்டுகளை உருவினாள். ஏழாவது, சங்கிலிப்பாண்டி, தகப்பனார் சமுத்திரம். எட்டாவது, பால்பாண்டி, தகப்பனார் சமுத்திரம்.

"மாரிச்சாமி அண்ணாச்சி, இது ரெண்டு கிணறா?"

மாரிச்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கிணறு ஒண்ணுதான் தாயி. அண்ணன் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல பதினோரு வருசமா பாகப்பிரிவினைக் கேஸு நடக்கு. ஒரே கார்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா ஒத்துப்போனதா ஆயிருமாம். கேஸு படுத்துருமாம். வக்கீலு ஒரே தாளுல மட்டும் கையெழுத்துப் போட்டுராதீகன்னு ரெண்டு பேருட்டயும் சொல்லியிருக்காரு. அதான் ஆளுக்கு ஒரு கார்டு."

பரிபூரணம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தப்பு விரலில் இல்லை. அந்த நிமிஷம் அவளுக்கு இருந்த நிம்மதியை அளக்க மாரிச்சாமியின் டேப் போதாது.

"ஒரு வரிய அழிச்சிருவோம் சார். வேலை முடிஞ்சுது."

"அழிக்கவா?" தவசிமுத்து பதறினார். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுன்னு சென்னைக்கு எழுதியாச்சும்மா. ஒண்ணு குறைஞ்சா எங்கன்னு கேப்பான்."

"அப்பம் ரெண்டு மட்டத்துல எது சரின்னு பாத்து..."

"அது கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அதுல கை வைக்க நமக்கு அதிகாரம் கிடையாது." அவர் கார்டின் மூலையைத் தட்டினார். "பென்சில்ல இருக்கது மட்டுந்தான் ஆபீஸ் சொத்து. இடத்த நகத்தலாம்."

அதிலும் ஒரு சிக்கல். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்துக்கு மேல் புரோகிராம் தொடாது. மூன்றாம் இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினாலே தரையில் அரை பர்லாங் தூரம். இரண்டு பேரில் ஒருவருடைய கிணறு அரை பர்லாங் தள்ளிப் போக வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நகர்த்தினால், நாளைக்கு மற்றவன் அந்த மேப்பைக் கோர்ட்டில் காட்டிக் கிணறு எனக்குத்தான் என்பான், நகர்ந்தவன் ஆபீஸையும் கேஸில் சேர்த்துவிடுவான் என்றார் மாரிச்சாமி. கோர்ட் என்றதும் தவசிமுத்துவுக்கு வேர்த்தது. ஆக வியாழக்கிழமை மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், டவுன் பஸ் மாறி மம்சாபுரத்தில் இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் மாடு பூட்டி இறைத்த நல்ல அகலமான கமலைக் கிணறு. நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு உள்சுவரில் இறங்கிப் போய்த் தண்ணீரைத் தொட்டது. வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி தம்பிக்கு. ஆளுக்கொரு மோட்டார். அந்தக் கோட்டைத் தண்ணீரும் மதிக்கும் என்று அண்ணனும் தம்பியும் நம்பினார்கள். தன் பாதியில் தண்ணீர் வற்றிவிட்டது, ஆழப்படுத்த அரசாங்கக் கடன் வேண்டும் என்பது அண்ணன் கட்சி. தண்ணீர் தளும்புகிறது, கடனை வாங்கிப் பாதியை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்பது தம்பி கட்சி. பதினோரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை. பேச வேண்டியதைக் கிணற்றுக்குள் பார்த்துப் பேசுவார்கள். அது எதிரொலித்து மற்றவர் காதில் விழும்.

பரிபூரணம் மாரிச்சாமியின் டேப்பை வாங்கித் தானே இறக்கிப் பார்த்தாள். வடபாதியில் ஐம்பத்து நாலரை அடி. தென்பாதியிலும் ஐம்பத்து நாலரை.

"அது டேப்பு சொல்லுது" என்றார் சங்கிலிப்பாண்டி.

"டேப்பு வெளியூரு" என்றார் பால்பாண்டி. அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

தவசிமுத்து விஷயத்தைச் சொன்னார். பூமி, வலை, வகுத்தல் எல்லாம் சொல்லி, இரண்டு பேரில் யாராவது ஒருவர் மேப்பில் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும்படி பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"கம்ப்யூட்டர்லகூட நான் நகரமாட்டேன்" என்றார் சங்கிலிப்பாண்டி.

"எங்கய்யா வெட்டுன கிணறு. நகந்தா ரெண்டு பேரும் நகரணும்" என்றார் பால்பாண்டி, கிணற்றுக்குள் பார்த்து.

தவசிமுத்து அதைப் பிடித்துக்கொண்டார். "சரி! ரெண்டு பேரும் நகருவோம். ஒருத்தர் கிழக்க அரை பர்லாங், ஒருத்தர் மேக்க அரை பர்லாங். சம நீதி."

கிழக்கே அரை பர்லாங்கில் சுடுகாடு இருந்தது. மேற்கே கண்மாய். அதை மாரிச்சாமிதான் சொன்னார். பிறகு சங்கிலிப்பாண்டி கிணற்றைப் பார்த்துச் சொன்னார்.

"மூத்தவன் நாந்தான? முன்னப் போக வேண்டியவனும் நாந்தான். சுடுகாட்டுப் பக்கம் என்னையப் போடச் சொல்லுங்க."

பால்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடியும் தோளில் போட்டார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தபோது கொஞ்சம் தடித்திருந்தது. "அவிய எதுக்குப் போகணும்? அவிய கண்மாயில குளுகுளுன்னு இருக்கட்டும். நான் போறேன் சுடுகாட்டுக்கு."

"சின்னவன் முந்தக் கூடாது."

"நான் முந்தத்தான் செய்வேன்."

"நான் உசுரோட இருக்க வரைக்கும் நீ எப்படிலே முந்துவ?"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அவர்கள் பேசியது இதைத்தான். பரிபூரணம் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். இவர்களால் என் வேலை போகப்போகிறது என்ற எரிச்சலும் அவளுக்குக் கூடவே இருந்தது. தவசிமுத்துவோ கேஸ் கிணற்றை விட்டுச் சுடுகாட்டுக்குத் தாவிவிட்டதாக நினைத்துத் தலையில் கை வைத்தார்.

"அந்தச் சுடுகாட்டுல அப்படி என்னய்யா இருக்கு, ஆளாளுக்கு வேணுங்கிய?"

"சார்" என்றாள் பரிபூரணம். "கிழக்கு மேக்கு வேண்டாம். பெரியவருக்கு வடபாதி, அவிய வடக்க போகட்டும். சின்னவருக்குத் தென்பாதி, அவிய தெக்க போகட்டும். நமக்கு இலக்கம் மாறுனாப் போதும்."

வடக்கே அரை பர்லாங்கில் ஒரு வாழைத்தோப்பு. தெற்கே ஓர் அரிசி ஆலையின் நெல் காயப்போடும் களம். யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சம்மதித்தார்கள். விட்டுக்கொடுக்கக் கிடைத்த ஒரு சந்தர்ப்பமும் போய்விட்டதே என்கிற மாதிரி இரண்டு முகத்திலும் ஒரு சின்ன வாட்டம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார் தவசிமுத்து. இரண்டு தாளில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பரிபூரணம் அந்த இரண்டு வரியையும் திறந்தாள். விரல் கட்டையின் மேல் நின்றது. கமலைக் கிணறு இருக்கிற இடத்தில் இனி கிணறு இல்லை. வாழைத்தோப்பில் ஒன்று, நெல்லுக்களத்தில் ஒன்று, இரண்டுமே நிஜத்தில் இல்லாத கிணறு. அவள் வாழ்க்கையில் தெரிந்தே தப்பாக அடித்து, தப்பாகவே விட்டுவைத்த முதல் எண்கள் அவை. அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

நாற்பது நிமிஷம் ஆனது. விழவில்லை. நாற்பத்தைந்து ஆனது. தவசிமுத்து நெஞ்சில் கையை வைத்தபடி நின்றார். ஐம்பத்திரண்டாம் நிமிஷம் திரையில் வரி கீழே இறங்கிச் சமத்தாக நின்றது. பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. கிட்டங்கியில் பஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்ன சத்தம் என்று மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று மாரிச்சாமிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெரிய இன்ஜினியர் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், பலே என்றார், டீ குடித்தார், போனார். மொத்தம் கால்மணி நேரம். தவசிமுத்து மேஜை டிராயரைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு சொன்ன சொல் தவறாமல் சான்றிதழ் எழுதினார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒரு பிழைகூட இல்லாமல் ஏற்றியவர், நிரந்தரப் பணிக்கு முற்றிலும் தகுதியானவர் என்று.

பரிபூரணம் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு இருக்கு சார்."

"எது ரெண்டு?"

"பிழை. நீங்க அடிக்கச் சொன்ன ரெண்டு வரி."

தவசிமுத்துவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அது பிழை இல்லம்மா" என்றார் பரிவோடு. "அது உத்தரவு."

ஒரு தப்பும் செய்யாதபோது தப்பு என்றார்கள். தெரிந்து இரண்டு தப்புச் செய்ததும் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். கத்தலாம் போல் இருந்தது அவளுக்கு. கத்தவில்லை. சான்றிதழில் மை காயட்டும் என்று மேஜையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

புரோகிராமிடம் எந்த இடத்தைக் கேட்டாலும் அங்கே தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்லும், அதற்கு ஓர் ஆணை இருந்தது. கமலைக் கிணற்றின் பழைய எண்கள் இரண்டும் அவளுக்கு மனப்பாடம். மேப்பில் இப்போது யாருக்கும் சொந்தமில்லாத, ஒரு கார்டும் இல்லாத அந்த இடத்தை அடித்து என்டரைத் தட்டினாள். அண்ணன் சொன்ன அறுபத்தேழுக்கும் தம்பி சொன்ன நாற்பத்திரண்டுக்கும் நடுவில் வலை தானாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தது.

திரையில் 54.5 என்று வந்தது.

அவள் திரும்பவும் அடித்துப் பார்த்தாள். அதேதான். அவள் கையால் இறக்கிய டேப் சொன்ன அதே ஐம்பத்து நாலரை. அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்துக் கிழித்து எடுத்தாள். சான்றிதழை மடித்து அதற்குள் அந்தத் துண்டுத் தாளையும் வைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, செட்டியார்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.